ஒன்பது வயதுக் கம்பிகள்

நஞ்சன்கூடு தாண்டி மைசூருக்குள் பேருந்து நுழைந்துகொண்டிருந்தபோது நண்பன் பிரசன்னாவின் செய்தி வந்தது. "வரதண்ணா காலையில் போயிட்டாரு. ஹார்ட்." அவ்வளவுதான். நான் அழவில்லை. முதலில் என் மனதில் வந்தது, 'நல்லவேளை, சொல்லிவிட்டேன்' என்ற எண்ணம். ஒரு மனிதர் இறந்த செய்தியைக் கேட்டதும் நிம்மதி வரலாமா என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிம்மதி போகவில்லை. அது எதைப் பற்றியது என்பதை அவரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் சொல்வதுதான் அவருக்கு நான் செய்யும் மரியாதை.

வரதராஜன் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஐம்பத்திரண்டு வயது. கச்சேரி மேடைகளில் அவரைப் பார்த்தவர்களுக்குக்கூட முகம் நினைவிருக்காது. பேஸ் கிடார் வாசிப்பவர்களை யாரும் பார்ப்பதில்லை. நான்கு தடித்த கம்பிகள், பாட்டுக்கு அடியில் நடக்கும் ஒலி. நின்றுபோனால்தான் அது இருந்ததே தெரியும்.

எங்கள் ஊரில் பேஸ் வாசிக்கும் ஏழு பேர், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலையில், சரஸ்வதிபுரத்தில் ஒரு தையல் கடைக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் கூடுவோம். அவரவர் கிடார், ஒலியைப் பெருக்கும் ஆம்ப், காலால் அழுத்தி ஒலியை மாற்றும் பெடல் எல்லாவற்றையும் ஜமுக்காளத்தில் பரப்பி வைத்து, தன் டோன், அதாவது தன் கிடாரின் ஒலிக்குணம், எப்படிப்பட்டது என்று மூன்று வாக்கியத்தில் சொல்ல வேண்டும். கம்பெனிப் பெயரும் எண்ணும் சொல்லக் கூடாது. அந்த விதி வரதண்ணா கொண்டுவந்தது. "பேரைச் சொன்னா எல்லாரும் பொட்டியைப் பாக்கறாங்க, யாரும் கேக்க மாட்டேங்கறாங்க" என்பார்.

பிரசன்னா தன் டோனை 'சூடான தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிற மாதிரி' என்றான். நான், 'பூட்டிய அறைக்குள் பேசும் குரல்' என்று ஏதோ சொன்னேன். வரதண்ணாவின் வாக்கியம் எல்லோருக்கும் மனப்பாடம்: "மேல்வீட்டுல யாரோ கட்டிலை நகத்தற மாதிரி இருக்கும். சத்தம் கேக்காது, ஆனா நகந்துட்டாங்கன்னு தெரியும்." மூன்றாவதாக, "அவ்வளவுதான்" என்பார். அதையும் ஒரு வாக்கியமாகக் கணக்கில் சேர்ப்போம்.

நான் சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகாத நேரம். அவருக்கு இதய அறுவை சிகிச்சை. அதே வாரம் ஒரு திருமண வரவேற்பில் எனக்கு வாசிப்பு, என் கிடாரில் ஒயர் அறுந்து சத்தமே வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தவர் தன் மனைவி கீதா அண்ணியிடம் சொல்லித் தன் கிடாரைக் கொடுத்தனுப்பினார். வாசித்து முடித்ததும், நன்றிக்கு என்ன செய்வது என்று யோசித்தேன். கம்பிகள் கறுத்து, அழுக்கேறிக் கிடந்தன. நல்ல கம்பியாகத் தேடி வாங்கி நானே மாற்றினேன். மரத்தைத் துடைத்தேன். பழைய கம்பிகளைச் சுருட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். கிடாரை அண்ணியிடம் திருப்பிக் கொடுத்தபோது அவ்வளவு திருப்தியாக இருந்தது.

அடுத்த கூட்டத்துக்குப் பிரசன்னா ஒரு பெட்டி மைசூர்பாக்குடன் வந்தான். "என்ன விசேஷம்?" என்றேன்.

"உனக்குத் தெரியாதா மாராயித்தி?" என்று கன்னடத்தில் செல்லமாகக் கூப்பிட்டுக் கேட்டான். "அண்ணாவோட கம்பிக்கு இன்னிக்கு ஒம்பது வயசு. வருஷா வருஷம் பர்த்டே பண்றோம். அந்த டோனே அந்தக் கம்பிதானே!"

கையில் எடுத்த மைசூர்பாக்கைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தேன். அந்த மந்தமான, உருண்டையான ஒலி அவருடைய ஆம்பிலிருந்து வருகிறது என்று நான் நினைத்திருந்தேன். ஒன்பது வருட வியர்வையும் எண்ணெயும் ஊறிச் செத்துப்போன கம்பியிலிருந்து வந்திருக்கிறது. புத்தகம் படித்து பேஸ் கற்றுக்கொண்டவளுக்கு, பழசு என்றால் மாற்றத்தான் தெரிந்திருக்கிறது.

வரதண்ணா வந்தார். ஆபரேஷன் ஆனவர், தொற்று வந்துவிடும், யாரும் கிட்டே வரக் கூடாது என்று சொல்லி முகக்கவசத்தோடு கூடத்தின் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வாசித்தார். கட்டில் நகர்ந்தது. அதே ஒலி. எல்லோரும் கைதட்டிவிட்டு இனிப்பு தின்றார்கள். எனக்கு மட்டும் அவர் கைக்கு அடியில், கம்பிகள் முடியும் இடத்தில், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் பச்சை ஓரம் தெரிந்தது. புதுக் கம்பி அதிகம் அதிராமல் பழசு போல ஒலிக்க அதைச் செருகியிருந்தார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு அவர் வரவில்லை. ஓய்வு என்றார்கள். அந்த ஸ்பாஞ்சைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். ஒன்பது வருடம் தேடிப் பிடித்த ஒலியை நான் குப்பையில் போட்டுவிட்டேன், அதனால்தான் அவர் வாசிப்பையே விட்டுவிட்டார் என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எதையும் யாரிடமும் சுலபமாகச் சொல்கிறவள் அல்ல நான்.

சொல்வதற்குப் பதிலாக, பழைய கம்பி செய்யத் தொடங்கினேன். கம்பியைச் சீக்கிரம் பழசாக்குவது எப்படி என்று பிரசன்னாவிடம் பொதுவாகக் கேட்டேன். "மசால் தோசை தின்னுட்டுக் கை கழுவாம வாசி. மூணு மாசத்துல ஒம்பது வருஷம் ஆயிடும்" என்றான். அவன் விளையாட்டுக்குச் சொன்னான். நான் ஒரு புதுக் கம்பிச் செட்டை என் கிடாரில் மாட்டி, தினமும் அப்படியே செய்தேன். "என்ன அசிங்கம்டி இது? கையைக் கழுவு மொதல்ல!" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்துவார். கம்பிகள் கறுத்தன. ஒலியும் ஓரளவு செத்தது. ஒரு நாள் மத்தியானம் அவற்றைக் கழற்றி, காகித உறையில் போட்டு எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனேன்.

"வா வா. உக்காரு. எந்தக் கண்ணு?" என்றார்.

"கண்ணு இல்லண்ணா."

"எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க. தாடையை இதுல வை."

என்னால் மறுக்க முடியவில்லை. சோதனைக் கண்ணாடியை மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டார். எதிரே எழுத்துகள் கலங்கின. அவர் முகமும் கலங்கியது. தெளிவாகத் தெரிந்திருந்தால் எனக்கு வாய் வந்திருக்காது.

"அண்ணா, உங்க கம்பியை நான்தான் மாத்திட்டேன்."

"வேற யாரு மாத்துவா, ஆஸ்பத்திரி நர்ஸா?" வில்லையைத் திருப்பினார். "இது தெளிவா, இதுக்கு முன்னாடியா?"

"அது உங்க டோன்னு எனக்குத் தெரியாதுண்ணா."

"பழசு எங்கே?"

"குப்பை வண்டியில போட்டுட்டேன்."

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பயந்து கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "சும்னே இரும்மா, சிரிச்சா நெஞ்செலும்பு வலிக்குது" என்று பாதிக் கன்னடத்தில் சொல்லிவிட்டு, மறுபடி சிரித்தார்.

"நாலாவது வருஷமே மாத்தணும்னு இருந்தேன்" என்றார். "அதுக்குள்ள இந்தப் பிரசன்னா மைசூர்பாக்கைத் தூக்கிட்டு வந்து நின்னுட்டான். ஸ்வீட்டைத் தின்னப்புறம் எப்படிம்மா மாத்தறது? அப்புறம் வருஷா வருஷம் பர்த்டே. பெங்களூர்லேர்ந்து ஒருத்தன் கம்பியைப் போட்டோ எடுக்கவே வந்தான். எனக்கு அது அலுத்துப்போயி ரொம்ப நாளாச்சு. ஆனா வரதனோட டோன்னா அதுதான்னு எல்லாரும் சொல்றப்ப, நான் எப்படி வேண்டாங்கறது?"

"பின்னே ஏன் கூட்டத்துக்கு வரலை?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து பொட்டியைத் திறந்து ஒரு கம்பியைத் தட்டினேன். கீதா ரூமுக்குள்ள ஓடி வந்துட்டா. நாலும் பேசுது! அதைக் கேட்டப்புறம் அங்க வந்து ஸ்பாஞ்சை வெச்சு வாயைக் கட்டச் சொல்றியா? ஒரு தடவை பண்ணினேன், போதும்."

நான் காகித உறையை நீட்டினேன். பிரித்து, முகர்ந்து பார்த்தார்.

"என்னம்மா இது, வெங்காய வாசனை?"

விஷயத்தைச் சொன்னேன். அன்று மத்தியானம் கடைக்கு வந்தவர்கள் இரண்டு பேர், நாங்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வெளியே வந்தபோது மூன்று மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் இல்லை. தேவராஜ அரசு சாலை முழுவதும் நடந்தே போனேன்.

அடுத்த ஞாயிறு அவர் கூட்டத்துக்கு வந்து, எல்லோர் முன்னாலும் ஸ்பாஞ்சை உருவி ஆம்பின் மேல் வைத்தார். ஒரு சுரம் வாசித்தார். கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"யாருண்ணா இதைப் பண்ணினது?" என்றான் பிரசன்னா. அவன் குரல் உடைந்திருந்தது.

"நான்தாண்டா" என்றார் வரதண்ணா.

"இல்லை, நான்" என்று கையைத் தூக்கினேன். ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். அதற்கு முன்னால் அந்தக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் நானாக வாய் திறந்ததில்லை.

"அப்போ அன்னிக்கு மைசூர்பாக்கு எதுக்குத் தின்னோம்?" என்றான் பிரசன்னா.

"புதுசுக்குப் பேர் வெச்சோம்னு நெனச்சுக்கோ. இப்ப என்ன, திருப்பித் தரணுமா?" என்றார் வரதண்ணா. பிரசன்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு வழக்கப்படி அவர் தன் டோனைச் சொல்ல வேண்டிய முறை. வாயைத் திறந்தார். பழைய வாக்கியம் இனிப் பொருந்தாது. "இது வந்து..." என்று தொடங்கி நிறுத்தினார். "தெரியலைப்பா. இன்னும் தெரியலை. அடுத்த மாசம் சொல்றேன்." அதைச் சொன்னபோது அவர் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி. அதன்பின் ஐந்து மாதம் அதையே சொன்னார். ஒரு மாதம் விரலால் வாசித்தார், அடுத்த மாதம் பிளாஸ்டிக் துண்டால். பெரிய ஆம்பை விற்றுவிட்டு, மடியில் வைக்கும் அளவுக்குச் சின்னதாக ஒன்று வாங்கினார். மூன்று வாக்கியத்தைச் சொல்லாமலே போய்விட்டார்.

அவரை நினைவுகூர நாங்கள் ஆறு பேரும் கூடியபோது, அந்த மூன்று வாக்கியத்தை நான் எழுதித் தர வேண்டும் என்று பிரசன்னா கேட்டான். "நீதான் படிச்சவ" என்றான். எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவை அவருடைய ஒலியை நாங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து, அதற்குள் அவரை ஐந்து வருடம் உட்கார வைத்திருந்தோம். அது போதும்.

கீதா அண்ணி சொன்ன ஒன்றை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். கடைசி நாளுக்கு முந்தின மாலை, அவர் அந்தச் சின்ன ஆம்பைச் சுவரோரத்திலிருந்து ஜன்னலுக்கும், ஜன்னலிலிருந்து கதவுக்கும் மாற்றி மாற்றி வைத்து வாசித்துக்கொண்டிருந்தாராம். அண்ணிக்குப் பொறுமை போய், "கதவுகிட்டதான் நல்லாருக்கு, விடுங்களேன்" என்றாராம்.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஆம்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனாராம். "அங்க எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்துடறேன்."