உரிமையாளர் இல்லாத சேவல்

குழந்தையம்மாளுக்குப் பொய் சொல்ல வராது. இதை நான் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. சிலருக்கு நீச்சல் வராது இல்லையா, அதுபோல அவளுக்கு அது வராது, அவ்வளவுதான். கொல்லிமலையில் எடப்புளி நாட்டில் பிறந்து, தேவனூர் நாட்டில் வாக்கப்பட்டு, ஐம்பத்து மூன்று வயது வரை மிளகுக் கொடியும் மரவள்ளியுமாக வாழ்ந்தவள். மிளகு வாங்க வரும் வியாபாரியிடம், "இதுல போன வருசத்து மொளகும் கொஞ்சம் கலந்திருக்குங்க" என்று கேட்காமலே சொல்லிவிடுவாள். பக்கத்தில் நிற்கும் புருசன் அண்ணாமலை தலையில் அடித்துக்கொள்வார்.

அந்த அண்ணாமலைக்குத்தான் போன ஐப்பசியில் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. வாரத்துக்கு மூன்று நாள் நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு வந்து மிசினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், விட்டால் ஆள் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணாமலை முடியாது என்றார். "சாவறதுன்னா எங்காட்டுலயே சாவறேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்று நாள் கெஞ்சிப் பார்த்த குழந்தையம்மாள், நாலாம் நாள் வளர்த்துக்கொண்டிருந்த சிவப்புச் சேவலின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி ஊர் அம்மனுக்கு நேர்ந்துவிட்டாள். ஆடிப் பொங்கலுக்கு இவர் தன் காலால் நடந்து வந்து உன் வாசலில் இதைக் கொடுப்பார், அதுவரை ஆளை விட்டுவை என்பது வேண்டுதல்.

நேர்ந்துவிட்ட சேவலுக்கு அந்த ஊரில் ஒரு முறை உண்டு. நேர்ந்த அன்றிலிருந்தே அது வீட்டுக்காரருடையது இல்லை, அம்மனுடையது. விற்கக் கூடாது, கட்டிப்போடக் கூடாது, கூடையில் கவிழ்க்கக் கூடாது. நேர்ந்தவள் கையால்தான் இரை போட வேண்டும். அதை 'என்னுது' என்று வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் கொடுத்ததைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. வேண்டுதலும் அதோடு போயிற்று.

சேவல் முற்றத்தில் மஞ்சள் தலையோடு திரிவதைப் பார்த்த பிறகுதான் அண்ணாமலை எழுந்து உட்கார்ந்தார். "அது திரியற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆவாது புள்ள. வா, போலாம்" என்றார். மருந்தை நம்பாத மனிதர் சேவலை நம்பினார். நம்பிக்கை எதன்மேல் இருந்தால் என்ன, ஆள் மிசினில் படுத்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளை வாரம் மூன்று தடவை இறங்கி ஏற அந்த உடம்பில் தெம்பில்லை. ஆகவே இரண்டு பேரும் அடிவாரத்து ஊரில் ஹபீப் ரஹ்மான் பாயின் ஒற்றை அறை வீட்டுக்குக் குடிவந்தார்கள். பாய் இருபது வருடமாக இவர்களிடம் மிளகு வாங்கியவர். கலப்பு மிளகைப் பற்றிக் குழந்தையம்மாள் சொன்னதையெல்லாம் கேட்டுக் கேட்டுச் சிரித்தவரும் அவர்தான். சேவலும் பஸ்ஸில் அவள் மடியிலேயே உட்கார்ந்து வந்தது.

மலையில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு காடு கிடக்கும். இங்கே சுவரோடு சுவர் ஒட்டிய தெரு. சேவல் விடிகாலையில் கூவியது, பத்து மணிக்குக் கூவியது, மத்தியானம் ரெண்டு மணிக்கும் கூவியது. எதிர்வீட்டு சுகுணாவின் ஸ்கூட்டர் சீட்டில் ஏறி நின்று எச்சமிட்டது. சுகுணாவைக் குறை சொல்லவும் வழியில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், ராத்திரி டூட்டி, பகலில்தான் கண்ணை மூட முடியும். இரண்டு முறை நல்லபடியாகவே வந்து கேட்டுப் பார்த்தாள். மூன்றாவது முறை பேரூராட்சி ஆபீஸில் மனு கொடுத்தாள்.

குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்ப்பவர்கள் கூண்டில் அடைத்துத்தான் வளர்க்க வேண்டும், உரிமையாளர் பெயரைப் பதிய வேண்டும், தெருவில் திரிவது பிடிக்கப்படும் என்று நோட்டீஸ் வந்தது. பாய் அன்றைக்கே ஒரு கம்பிக் கூண்டை வாங்கிவந்து வாசலில் வைத்தார்.

"அடைக்கக் கூடாதுங்க பாய். இது சாமிச் சேவலுங்க" என்றாள் குழந்தையம்மாள்.

"ஆடி வரைக்கும்தானேம்மா? ரெண்டு மாசம். சாமி கோவிச்சுக்குமா?"

"சாமி கோவிச்சுக்காதுங்க. அவருக்குத்தான் மனசு விட்டுப்போயிரும்."

உள்ளே கட்டிலில் கிடந்த அண்ணாமலைக்கு அது கேட்டது. பாய் கூண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் பேரூராட்சி மேற்பார்வையாளர் தனபால் ஒரு படிவத்தோடு வந்தார். நல்ல மனிதர். ஆபீஸில் நல்ல மனிதர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் படிவத்தை அடித்தவர்கள் அவர்கள் இல்லை.

"இந்தச் சேவல் யாரோடதும்மா?"

"அம்மனோடதுங்க."

"எந்த அம்மன்? அந்தம்மா பேரையா எழுத முடியும்? உங்க பேரைச் சொல்லுங்க. உங்களுதுன்னு எழுதிட்டா, நாளைக்கு யாராச்சும் பிடிச்சாலும் ஏழு நாளைக்குள்ள வந்து வாங்கிக்கலாம்."

"என்னுது இல்லீங்களே."

"தீனி போடறது நீங்கதானே?"

"போடறது நாந்தானுங்க. ஆனா என்னுது இல்லீங்க. நேர்ந்துவுட்டாச்சு."

தனபால் பேனாவை மூடினார், திறந்தார். "சும்மா பேருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். கடைசியில் 'உரிமையாளர் இல்லை' என்று எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து கேட்டார். குழந்தையம்மாள் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். போட்டபோது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மலையில் நேர்ந்துவிட்ட சேவல் அடுத்தவன் களத்தில் ராகியைக் கொத்தினாலும் விரட்டமாட்டார்கள். ஆளுடையது என்றால்தானே பிடிப்பார்கள், உரிமையாளர் இல்லை என்றால் அம்மனுடையது என்றுதானே ஆகிறது, அதில் எவன் கைவைப்பான் என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி முறை. காலையில் சேவலுக்கு ராகி இறைத்துவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். சாயங்காலம் திரும்பியபோது அண்ணாமலை வழக்கம்போல் துவண்டு கட்டிலில் விழுந்தார். வாசலில் ராகி பாதி அப்படியே கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி, பத்து மணிக்குப் பேரூராட்சி ஆட்கள் வண்டியோடு வந்து வலை போட்டுப் பிடித்துப் போனதாகச் சொன்னாள். குழந்தையம்மாள் செருப்புப் போடாமல் ஆபீஸுக்கு ஓடினாள்.

தனபால் அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "இன்னைக்கு நான் லீவும்மா, விசயம் கேள்விப்பட்டு இப்பத்தான் வந்தேன். பேர் இருக்கறதை ஏழு நாள் வச்சிருப்பாங்க. பேர் இல்லாததை அன்னைக்கே ஏலம் விட்டுருவாங்க. மத்தியானமே கறிக்கடைக்குப் போயிருச்சு."

"என்னுதுங்க" என்றாள் அவள்.

"அம்மா..."

"என்னுதுதானுங்க சார். குஞ்சுலருந்து நான் வளத்ததுங்க. பேர் எழுதிக்குங்க, குழந்தையம்மாள்னு எழுதிக்குங்க. என்னுது, என்னுதுங்க."

ஆபீஸில் வரி கட்ட நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தனபால் தலையைக் குனிந்துகொண்டார். இனி எழுதி என்ன ஆகப்போகிறது? சேவலும் போய், சொல்லக் கூடாத சொல்லையும் நாலு பேர் முன்னால் சொல்லி முடித்தாயிற்று.

வீட்டுக்கு வந்தபோது அண்ணாமலை விழித்திருந்தார். தினமும் கேட்பதுபோலவே கேட்டார்.

"சேவல் எர எடுத்துச்சா?"

"எடுத்துச்சுங்க" என்றாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு.

அவர் கொஞ்ச நேரம் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் கூட இருந்தவருக்கு அது போதும். அவர் கத்தவில்லை; கத்தியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரி பைலை எடுத்து வைத்துக்கொண்டு அவள் எழுப்பினாள். அவர் முன்னமே வேட்டி மாற்றி உட்கார்ந்திருந்தார். "மேல போற வண்டி எத்தன மணிக்கு?" என்றார். காலில் விழுந்து பார்த்தாள். ஹபீப் ரஹ்மான் வந்து, அதே நிறத்தில் வேறு சேவல் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். தூக்கம் கெட்ட கண்ணோடு சுகுணாவும் வந்து, இரண்டு வேளை விட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று அழுதுகொண்டே சொன்னாள். "உன்ற மேல ஒண்ணும் இல்ல கண்ணு, நீ போய்த் தூங்கு" என்றார் அவளிடம். அன்று மதியம் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்கள்.

பதினோராம் நாள், வைகாசி முடிவதற்குள், தன் காட்டிலேயே அவர் போய்ச் சேர்ந்தார்.

குழந்தையம்மாள் இப்போதும் மிளகு பறிக்கப் போகிறாள். மிளகு எடுக்க மேலே வரும் பாயிடம் பழைய மாதிரியே கலப்பைச் சொல்லிவிடுகிறாள். பாய்தான் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை. உங்க ஊட்டுக்காரருக்கு என்ன ஆச்சு என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், கிட்னி என்றோ காய்ச்சல் என்றோ அவள் சொல்வதில்லை.

"நாந்தானுங்க எழுதிக் குடுத்துட்டேன்" என்கிறாள்.