ரைநுயிக்கு எந்த ஊர்?

ரைநுயி தும்மினால் லா சப்பல் பாலத்தில் ஓடும் மெற்றோ ரயில் அடுத்த நிலையமான ஸ்டாலின்கிராட்டையும் தாண்டித்தான் நிற்கும். இரண்டு அரிசி மூட்டைகளைத் தோள்களில் வைத்துக்கொண்டு மூன்றாவதைப் பல்லால் கவ்வுவார். ஐஃபல் கோபுரமே அவரைக் கண்டால் கொஞ்சம் குனிந்து நிற்கும். இதெல்லாம் டிலானி பள்ளிக்கூடத்தில் அவிழ்த்துவிட்ட புளுகு. உண்மையில் அவர் தூரக் கடலில், தஹீத்திக்குப் பக்கத்துத் தீவில் பிறந்து, தமிழ்ப் பலசரக்குக் கடையில் மூட்டை தூக்குகிறவர். முருங்கைக்காய் முறிந்தால்கூட அதனிடம் மன்னிப்புக் கேட்பார்.

அன்று அவர் டிலானியின் அக்கா சிவாஜினியைப் பெண் கேட்டு வந்திருந்தார். அப்பா அரியநாயகத்துக்குத் தெரிந்த பிரெஞ்சு, ரயில் டிக்கெட் வாங்குவதோடு முடிந்துவிடும். ஆகவே மொழிபெயர்ப்பு டிலானியின் பொறுப்பு. அப்பா வேண்டாம் என்றால் அக்கா எதிர்த்து ஒரு சொல் சொல்லமாட்டாள். அழுத கண்ணோடு வேலைக்குப் போய்வருவாள், அவ்வளவுதான். அப்படி நடக்க விடக்கூடாது என்று டிலானி முடிவுசெய்திருந்தாள்.

"தம்பிக்கு எந்த ஊர்?" என்றார் அப்பா.

டிலானி அதைப் பிரெஞ்சில் சொன்னதும் ரைநுயி எழுந்து நின்றார். அவருடைய தீவு ஆட்கள் இந்தக் கேள்விக்குப் பாட்டாய்த்தான் பதில் சொல்வார்கள். மேலே மலை, கீழே ஊர் கூடும் வெளி, கடலுக்குள் நீளும் முனை, ஓடும் ஆறு, கடைசியில் தலைவன். ஒவ்வொன்றையும் பேர் சொல்லிப் புகழவேண்டும். 'என் மலை ரொத்துயி' என்று தொடங்கி, முதலில் தன் மொழியிலும் பிறகு பிரெஞ்சிலும் சொன்னார்.

"என்னவாம்?" அப்பா டிலானியைக் கேட்டார்.

டிலானி அக்காவைப் பார்த்தாள். "அவருக்கு ஒரு மலை இருக்காம் அப்பா. ஆறும் இருக்காம். கடற்கரையோடை பெரிய வளவுக் காணியாம்."

"மலையோ!" அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "காணி உறுதிப் பத்திரம் ஆரின்ரை பேரிலை?"

"அவரின்ரை பேரிலைதான்."

"இல்லை, மாமா."

சொன்னது ரைநுயி. தமிழில். கடையில் நிற்கிறவருக்கு வெங்காயமும் விலையும் மட்டுந்தான் விளங்கும் என்று டிலானி நம்பியிருந்தாள்.

"காணி இல்லை. மலை என்ரை இல்லை. நான்தான் மலையின்ரை ஆள்."

அக்கா தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் அப்படியே நின்றாள்.

"நானும் ஒரு ஊரின்ரை ஆள்தான், தம்பி. எங்கடை ஊரிலை மலை இல்லை," என்றார் அப்பா. "குளம் ஒண்டு இருக்கு. அது காணுமே?"

"காணும், மாமா. போதும்."

"அப்ப இரும். தேத்தண்ணியைக் குடியும்."

ரைநுயி உட்கார்ந்து, டிலானியின் பக்கம் மெல்லச் சாய்ந்தார்.

"மலையை எனக்கு எழுதித் தந்தாய். சரி. மாமா ஓம் எண்டிட்டார். இப்ப ஏன் அழுறாய்?"