ஆள் இருக்கும் வீடு

லிஃப்ட் பழுது பார்த்தே தலை நரைத்தவர் அவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்போல இருப்பார். தன் வீட்டை இடித்துத் திருத்திக் கட்டி முடிக்கும்வரை மனைவியோடு மச்சான் வீட்டில் தங்கியிருந்தார். மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், சோற்றில் கை வைத்தால் ஒரு அறிவுரை சொல்வார். கை கழுவினால் இன்னொன்று.

அங்கேதான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் தேடி வந்தார்.

“வேலை நடக்குதுன்னு கம்பெனிக்குச் சொல்லிட்டேன் சார். ஆனா வீடு ஆளில்லாம கிடந்து ஏதாவது ஆச்சுன்னா பைசா பேராது. யாராவது அங்க தங்கி...”

“நான் போறேன்.”

“சமையலறைக்குக் கூரையே இல்லையே!” என்றாள் மனைவி.

“பாலிசி அப்படிச் சொல்லுதே, என்ன பண்றது?” என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். இருட்டுவதற்குள் கட்டிலும் ரேடியோவும் போய்ச் சேர்ந்துவிட்டன.

கதவில்லாத அறையில் குடித்தனம். கம்பியில் சட்டை காய்ந்தது. மனைவி தினமும் சாப்பாடு கொண்டுவந்து சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வாள். அண்ணன் வீட்டில் பேச முடியாததையெல்லாம் பேசுவாள். அவரும் பேசினார்.

“கல்யாணமான புதுசுலகூட நீங்க இவ்வளவு பேசலையே?”

“அப்ப உங்க அண்ணன் கூடவே இருந்தாரு.”

ஒரு நாள் வேலையாட்கள் வருவதற்கு முன்பே புதுக் குழாயின் இணைப்பு பிய்த்துக்கொண்டது. அவர் அடித்துப் பிடித்து ஓடி வால்வை மூடினார். அதற்குள் கூடத்து மரத்தரை ஊறி உப்பிவிட்டது.

சேதத்தைப் பார்க்கக் கம்பெனி அதிகாரி வந்தபோது அவர் சமையலறையில் நின்று பாதி முகம் சவரம் செய்திருந்தார்.

“இங்க யார் சார் குடியிருக்காங்க?”

“நான்தான்.”

அதிகாரி மேலே பார்த்தார். வானம் தெரிந்தது.

“இங்க எதுக்கு சார் இருக்கீங்க?”

“நீங்கதானே இருக்கச் சொன்னீங்க.”

அதிகாரி ஊறிய தரையை அளந்து எழுதிக்கொண்டு போனார். தரைக்கான இழப்பீடு வந்து சேர்ந்தது.

அந்த வாரமே மனைவி தன் தலையணையோடு வந்து இறங்கினாள்.

“அண்ணன்கிட்ட என்ன சொன்ன?”

“குழாய் உடைஞ்சதுலேருந்து ரெண்டு பேர் இருக்கணும்னு கம்பெனி சொல்லிடுச்சுன்னேன்.”

“நம்பிட்டாரா?”

“பாலிசியைக் காட்டுன்னாரு. கம்பெனி வாங்கிட்டுப் போயிடுச்சுன்னு சொல்லிட்டேன்.”

அவர் நகர்ந்து கட்டிலில் இடம் விட்டார்.

மறுநாள் மேஸ்திரி கேட்டார்: “கூரையைப் போட்டுடலாமா சார்?”

“அவசரம் ஒண்ணுமில்ல.”

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அதன்பிறகு அவசரம் வந்தது.