ஒரு நன்றி செய்த வேலை

எங்கள் மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவரைத் தேங்க்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆளுயர மெஷின்கள் ஆறு வரிசையாக நிற்கும் கூடத்தில் இரண்டாவது மெஷின் அவருடையது. ஷிப்ட் முடிவதற்குள் யாராவது ஒருவரிடம் போய், அன்று அந்த ஆள் செய்த ஏதோ ஒரு காரியத்தைக் குறிப்பிட்டு நன்றி சொல்லாமல் அவர் வீட்டுக்குக் கிளம்பியதில்லை. பொத்தாம்பொதுவாக 'ரொம்ப நன்றி' என்று சொல்வதை அவர் நன்றியிலேயே சேர்ப்பதில்லை. "வடிகால் வலையில சிக்கியிருந்த நூலையெல்லாம் எடுத்து விட்டீங்கல்ல, அதனாலதான் இன்னைக்கு என் காலடியில தண்ணி நிக்கலை" என்பார். எதிரில் இருப்பவர் நெளிவார்.

துணி இருப்பு அறை என் பொறுப்பு. கூடத்துக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஜன்னல்தான். நன்றியுணர்வு பற்றிப் பெரிய சிந்தனையாளர்கள் எழுதியதைக் கொஞ்சம் படித்திருக்கிறேன். படிக்கும்போதெல்லாம், இருப்பது போதும் என்று ஆளை அடக்கி உட்கார வைக்கிற வேலையோ இது என்று சந்தேகம் வரும். அதனால் இவரையும் வெகுநாள் ஓரக்கண்ணால்தான் பார்த்துவந்தேன். பிறகு ஒருநாள், இந்தப் பழக்கம் எங்கே பிடித்தது என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"தங்கச்சி குடுத்த தண்டனைங்க. தினம் சாயங்காலம் அவகிட்ட போன்ல பேசுவேன். ஒருநாள் சொல்றா, 'அக்கா, மூணு வருஷமா நீ போனை வச்சதும் நான் தலைவலி மாத்திரை போட்டுக்கறேன்'னு."

புலம்பலாம், ஆனால் அதற்கு முன்னால் நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும் என்று தங்கை நிபந்தனை போட்டாராம்.

"மொத நாள் ஒண்ணுமே கிடைக்கலை. 'லைன் கிளியரா கேக்குது'ன்னேன். அவ சிரிச்சுட்டே போனை வச்சுட்டா. எனக்கு மானம் போச்சு."

மறுநாளிலிருந்து வேலை நேரத்திலேயே தேட ஆரம்பித்தார். கிடைத்ததில் பாதிக்கு மேல் யாரோ ஒருவர் செய்தவை. "செஞ்சவங்க இங்க கண்ணு முன்னாடி நிக்கறாங்க. அதைத் தங்கச்சிகிட்ட மட்டும் சொல்றது புறம் பேசற மாதிரிதானே இருக்கு?" என்றார்.

என் சந்தேகத்துக்கும் பதில் கிடைத்தது. கூடத்தின் காற்றாடி இரண்டு மாதமாகச் சுற்றவில்லை என்று நிர்வாகத்துக்குப் போன புகார்க் கடிதத்தில் முதல் கையெழுத்து அவருடையதுதான். அடக்கி உட்கார வைக்கக்கூடிய ஆள் இல்லை.

அந்த நன்றி சொல்லும் பழக்கம் ஒருநாள் இன்னொருவர் வேலைக்கு உலை வைத்தது.

மூன்றாம் மெஷினைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். மூணாம் நம்பர் என்றே அவருக்குப் பெயர். வீட்டில் கணவர் படுத்த படுக்கை. சம்பாதிப்பது இவர் ஒருவர்தான். கொஞ்ச காலமாக வலது தோள் தூக்க வரவில்லை. நனைந்த விரிப்புகளை மெஷினிலிருந்து இறக்குவது லேசான வேலை இல்லை. அதையும் மெஷின்காரரேதான் செய்ய வேண்டும் என்பது விதி. ஆனால் துணிகளை உலர்த்தும் அறைக்குத் தள்ளிப் போகும் வண்டிக்காரர், ஒரு வார்த்தை பேசாமல் அவர் மெஷினையும் இறக்கிக் கொடுத்துவந்தார். எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்ததில்லை.

அன்று ஷிப்ட் முடியும் நேரம். தேங்க்ஸ் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வண்டிக்காரரிடம் போனார்.

"அண்ணே, ஏழு மாசமா மூணாம் மெஷினையும் நீங்கதான் இறக்கறீங்க. அக்காவுக்குத் தோள் தாங்காதுன்னு யாரும் சொல்லாமலே செய்யறீங்க. நன்றிண்ணே."

வண்டிக்காரர் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்தார். நாலாம் மெஷின் கதவருகே குனிந்திருந்த சூப்பர்வைசர் நிமிர்ந்துகொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை.

"காதுல விழுந்துடுச்சேம்மா," என்றார். "இனிமே விழாத மாதிரி இருக்க என்னால முடியாது."

மூணாம் நம்பரை உடல் தகுதிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கை நெஞ்சு உயரத்துக்கு மேல் எழவில்லை. பளுவான வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதி வந்தது. வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று நிர்வாக அதிகாரி அடுத்த வாரம் விசாரித்து முடிவு செய்வார் என்றார்கள்.

"உன் நன்றிக்கு என் பொழப்புதான் கிடைச்சுதா?" என்று மூணாம் நம்பர் கூடத்தின் நடுவில் நின்று கேட்டார். அதன் பிறகு தேங்க்ஸ் அக்கா யாருக்கும் நன்றி சொல்லவில்லை. வண்டிக்காரர் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்: "என்னம்மா, இன்னைக்கு நான் உருப்படியா ஒண்ணும் செய்யலையா?" அதற்கும் சிரிக்கவில்லை.

விசாரணை நாளில் என்னையும் அழைத்திருந்தார்கள். துணி இருப்பு அறையில் மூணாம் நம்பரை வைத்துக்கொள்ள முடியுமா என்று அதிகாரி கேட்டார். என் அறையில் ஏணி ஏறி மேல்தட்டிலிருந்து கட்டுகளை இறக்க வேண்டும். முடியாது என்றேன். உண்மை அதுதான். சொன்ன பிறகு மூணாம் நம்பர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கதவைத் தட்டிவிட்டுத் தேங்க்ஸ் அக்கா உள்ளே வந்தார்.

"நீ யாரும்மா?" என்றார் அதிகாரி.

"நன்றி சொல்லி இவங்களை மாட்டி விட்டவ நான்தாங்க. ரெண்டு நிமிஷம் பேசணும்."

"உன்னை யாருடீ கூப்பிட்டா? இன்னும் என்ன பாக்கி?" என்றார் மூணாம் நம்பர்.

"நீங்க சும்மா இருங்கக்கா."

மூணாம் நம்பர் நல்லவர், பாவம் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் மூட்டைகளைப் பற்றிப் பேசினார். மற்றவர்கள் முடிச்சை அவிழ்த்ததும் நேராகக் கையை விடுவார்களாம். மூணாம் நம்பர் மூட்டையை மேசையில் சாய்த்து, துணியைத் தானாகச் சரியவிட்டு, உள்ளங்கையால் தட்டிப் பார்த்த பிறகுதான் எடுப்பாராம். "போன மழைக்காலத்துல ஒரு பிளேடு எடுத்தாங்க. அன்னைக்கு அது என் மூட்டைங்க. நான் அவசரமா போகணும்னு எனக்காகப் பிரிச்சாங்க. என் விரல் தப்பிச்சுது. அதுக்கப்புறம் வளைஞ்ச ஊசி ரெண்டு தடவை. வண்டிக்காரர் கை வைக்க இருந்த மூட்டையில ஒரு கத்தரி. அப்புறம் தலையணை உறைக்குள்ள ஒரு பல்செட்டு. அதை வார்டு வார்டா கொண்டுபோய் எந்த வாய்க்குப் பொருந்துதுன்னு பார்த்தவங்களும் இவங்கதான்."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இதையெல்லாம் எங்கயாவது எழுதி வச்சிருக்கியா?"

"இல்லைங்க. ஒவ்வொண்ணுக்கும் அன்னன்னைக்கே நன்றி சொல்லியிருக்கேன். அப்படிச் சொன்னது மறக்காதுங்க."

"சொன்னாளா?" என்று அதிகாரி மூணாம் நம்பரைக் கேட்டார்.

"சொன்னா. அந்தப் பல்செட்டுக்கு மட்டும் ரெண்டு தடவை. தொல்லை."

புகழ்ச்சி என்றால் அது ஆளைச் சுற்றிப் புகையைப் போட்டு மறைத்துவிடும் என்பது என் எண்ணம். இந்தப் பெண் சொன்னதில் புகை இல்லை. ஒரு மனுஷியின் கையும் மேசையும் ஒவ்வொரு அசைவும் தெரிந்தன. அந்தக் கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பல வருடம் உட்கார்ந்திருந்தும் நான் அந்த மேசையைக் கவனித்ததில்லை. தன் தவறுக்காக அழுது மன்னிப்புக் கேட்டிருந்தால் அவர் மனம் ஆறியிருக்கும், மூணாம் நம்பருக்கு வேலை மிஞ்சியிருக்காது. அவர் அதைச் செய்யாததை நான் மதிக்கிறேன்.

பதினொரு நாள் கழித்து உத்தரவு வந்தது. இனி எல்லா மெஷின்களுக்கும் வரும் மூட்டைகளை ஒரே மேசையில் ஒருவரே பிரிக்க வேண்டும். அந்த ஒருவர் மூணாம் நம்பர். ஆள் இல்லாமல் போன மூன்றாம் மெஷினைத் தேங்க்ஸ் அக்கா தானே கேட்டு வாங்கிக்கொண்டார். இருப்பதிலேயே பழசு அது; கதவைத் திறக்க மல்லுக்கட்ட வேண்டும்.

புது மேசையின் முதல் நாள், அவர் அந்தப் பக்கமே போகவில்லை. தன் மெஷின் அருகே நின்று மூட்டைகள் சரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூணாம் நம்பர் தலை நிமிராமலே குரல் கொடுத்தார்.

"அங்கேயே நின்னு ஏன் முழிக்கிற? சொல்றதுன்னா கிட்ட வா. ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லாம, என் காதுல மட்டும் சொல்லு."

தேங்க்ஸ் அக்கா முதலில் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு போய்க் குனிந்து ஏதோ சொன்னார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கு எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் சொன்னார். மூணாம் நம்பர் கேட்டு முடித்து, இடது கையால் அவரைத் தள்ளிவிட்டு அடுத்த மூட்டையைச் சாய்த்தார்.