ஊர்ப் புள்ளிக் கணக்கு

அறுபதுகளின் கடைசியில் நான் சென்னையில் எம்.ஏ. தத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். தலைக்கனம் தாராளமாக இருந்தது. விடுமுறைக்குக் கீழச்சிவல்பட்டிக்கு வந்தபோது, அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து ஊர்க்கோவிலின் புள்ளிப் பட்டியலைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் செட்டிமார் வழக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்தால்தான் ஒரு புள்ளி. கல்யாணமாகாதவன் கணக்கிலேயே வரமாட்டான். என்னைவிட மூன்று வயது இளைய பங்காளி ஒருவனுக்கு அந்தத் தையில் கல்யாணம் ஆகியிருந்தது. அவன் ஒரு புள்ளி, நான் பூஜ்யம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒருவன் இருக்கிறான் என்றால் இருக்கிறான்தான், தாலி கட்டித்தான் அவனை உண்டாக்க வேண்டுமா என்று பிடித்துக்கொண்டேன். மேல்நாட்டு மேதைகள் நாலைந்து பேரையும் துணைக்கு இழுத்தேன். அண்ணன் எழுதுவதை நிறுத்தவில்லை. அரிசியைப் படியால் அளக்கிறோமே, அரிசிக்குள் படி இருக்கிறதா என்று கேட்டார். கோவில் காரியத்துக்குக் குடும்பம் குடும்பமாக எண்ணுவது தோது, அதனால் எண்ணுகிறோம். வேறு காரியம் வந்தால் வேறு மாதிரி எண்ணிக்கொள்வோம் என்றார்.

"கோயில்ல எப்படியோ, என் அடுப்படியில தம்பி மூணு புள்ளி. தின்ன இட்லியை எண்ணினவ நான்தானே" என்றார் அண்ணி. அண்ணன் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

அந்த அரிசியையும் படியையும் சென்னைக்குக் கொண்டுபோய், என் சொந்தச் சரக்காக ஒரு கட்டுரையில் இறக்கினேன். பேராசிரியர் வெகுவாகப் பாராட்டினார். அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை.

நாலு வருஷம் கழித்து, அண்ணி மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார். அண்ணனுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. அடுத்த பட்டியல் எழுதும்போது நான் பக்கத்தில் இருந்தேன். எனக்குக் கல்யாணமாகி நானும் ஒரு புள்ளியாகியிருந்தேன். துணையை இழந்தவரை அரைப் புள்ளி என்று எழுதுவது வழக்கம். மளமளவென்று ஓடிய பேனா அண்ணனுடைய பெயரில் வந்து நின்றது. எனக்குத் தாங்கவில்லை.

"தோதுக்குன்னு நீங்கதானே சொன்னீக. நாமளா வச்ச கணக்குத்தானண்ணே, ஒன்னுன்னே எழுதுங்க. யாரு கேக்கப் போறாக?"

அவர் அரை என்றே எழுதினார். மை காயும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாமளா வச்சதுதான் தம்பி. ஆனா இந்த ஒரு எடத்துல, நெசமாவே அப்படித்தான் இருக்கு."