மணல் மூட்டையின் ஏரிப் பயணம்

கார் நிறுத்துமிடத்தின் சுவரைத் தாண்டி வெயில் இறங்கியதும் அவர் தகட்டை விரிக்கிறார். நான்காக மடிக்கிற கறுப்பு சோலார் தகடு. கார் முகப்பில் ஒரு பழைய போர்வையைப் போட்டு, அதன்மேல் தகட்டைச் சாய்த்து, தகட்டின் மேல் ஒரு பென்சிலைச் செங்குத்தாக நிறுத்துகிறார். பென்சிலின் நிழல் காணாமல் போகும்வரை தகட்டை இப்படியும் அப்படியும் நகர்த்துகிறார். நிழல் போய்விட்டால் வெயில் நேராக விழுகிறது என்று பொருள். இவ்வளவு பாடுபட்டு வெயிலைப் பிடித்த பிறகு, பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தாளை எடுத்துத் தகட்டின்மேல் போர்த்திவிடுகிறார்.

"சும்மா வெயில்ல கெடந்தா கெட்டுப்போயிடும்ல?"

வெயிலுக்கென்றே செய்த பொருளை வெயிலிடமிருந்து காப்பாற்றுகிற மனிதர் நான் கண்டவரை இவர் ஒருவர்தான்.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்றாயிற்று, யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் இன்னும் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். குடியிருப்பில் இவருக்குப் பெயர் ஓவர்லோடு. எட்டுப் பேர் ஏறலாம் என்று லிஃப்டில் எழுதியிருந்தால் நான்கு பேரோடு கதவைச் சாத்துவார். எதிரில் வருகிறவரைப் பார்த்தால் மற்றவர்கள் வணக்கம் சொல்வார்கள், இவர் உதட்டுக்குள் எடையைச் சொல்வார். என்னை முதல்நாள் பார்த்தபோது "அறுபத்தெட்டு" என்றார். சரியாகத்தான் இருந்தது. அதற்காக அவரை மன்னிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

வீட்டில் அவரும் அவருடைய அக்காவும் மட்டும்தான். அக்காவைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, மூச்சுப் பயிற்சி செய்ய வைப்பது என் வேலை. அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். "கிளட்ச்ச மிதி, கிளட்ச்ச மிதின்னு கத்திக் கத்தியே நுரையீரல் போயிடுச்சு சிஸ்டர்" என்பார். நிஜக் காரணம் டாக்டரிடம் இருக்கிறது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும் மெஷின் கட்டிலருகே ஓடிக்கொண்டிருக்கும். சும்மா உட்கார்ந்திருந்தால் கொஞ்ச நேரம் அது இல்லாமலும் சமாளிப்பார். நடந்தாலோ தூங்கினாலோ அது வேண்டும்.

கரண்ட் போனால் அக்காவின் கதி என்ன? இந்தக் கேள்வியில்தான் ஓவர்லோடு அந்தச் சோலார் தகட்டையும், அது நிரப்புகிற ஒரு பேட்டரிப் பெட்டியையும் வாங்கினார். பெட்டி கூடத்தில் ஒரு முக்காலியின்மேல், துணி போர்த்தி, புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அதில் யாரும் போன் சார்ஜ் போடக் கூடாது. மின்சாதனங்களை எல்லாம் அதன் முன்னால் நிறுத்திக் குணம் பார்த்திருக்கிறார். விளக்கு சாது. ஃபேன் நல்ல பிள்ளை. வெந்நீர் கெட்டில் கொலைகாரன். இஸ்திரிப் பெட்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது.

அவ்வப்போது ஒத்திகை நடக்கும். சொல்லாமல் கொள்ளாமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, "கரண்ட் போச்சு! கரண்ட் போச்சு!" என்று தானே கத்திக்கொண்டு ஓடிவருவார். பெட்டியை இழுத்து, வயரைச் செருகி, அக்காவின் மெஷின் மறுபடி உறுமியதும் இடுப்பில் கைவைத்து நிற்பார்.

"கரண்ட் தானா போறதவிட நீ அணைக்கிறதுதான்டா ஜாஸ்தி" என்பார் அக்கா. "கரண்ட் ஆபீஸ்காரனே உன்னவிட தேவலாம்."

கார் கதை இப்படித் தொடங்கியது. நகரத்துக்கு வெளியே ஓர் ஏரி இருக்கிறது. கரையிலேயே வண்டியை நிறுத்தித் தூங்கலாம். அக்கா அந்தப் பாதையில்தான் எத்தனையோ பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அங்கே ஒரு ராத்திரி இருந்து, விடியும்போது தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் சொன்னார். அவர் எதையும் கேட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான். மருந்தைக்கூடக் கேட்டு வாங்கமாட்டார். தோளில் மாட்டிப்போகும் அளவில் சின்ன மெஷின் ஒன்று வாங்கினார்கள். பெட்டி நிறைந்திருந்தால் ராத்திரி முழுக்க அது ஓடும். காலையில் தகட்டை விரித்துக்கொள்ளலாம். டாக்டரும் சரி என்றுவிட்டார். "குளிர் தொடங்கறதுக்கு முன்னால போயிட்டு வந்துடுங்க. அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்றார். அவர் அதை எந்தக் குரலில் சொன்னார் என்பதை நாங்கள் மூவருமே கவனித்தோம்.

தம்பி காரை வீடாக்கினார். பின் சீட்டை மடக்கி மெத்தை போட்டார், ஜன்னல்களுக்குத் திரை தைத்தார், கூரையில் சின்ன ஃபேன் மாட்டினார். எல்லாம் முடிந்தது. ஆனால் லிஃப்ட்காரர் ஆயிற்றே. புது லிஃப்டில் முதலில் ஆளை ஏற்றமாட்டார்கள். மணல் மூட்டையை ஏற்றி ஓட்டிப் பார்ப்பார்கள்.

"சிஸ்டர், அக்கா இப்போ எவ்வளவு?" என்று என்னிடம் கேட்டார்.

"ஐம்பது."

ஐம்பது கிலோ மணலைச் சாக்கில் கட்டி, முன் சீட்டில் உட்காரவைத்து, சீட் பெல்ட் போட்டு, ஆக்ஸிஜன் குழாயை மாட்டி, பனி விழும் என்று அக்காவின் சால்வையையும் போர்த்தி ஏரிக்கு அழைத்துப் போனார். வாட்ச்மேன் சல்யூட் அடித்து கேட்டைத் திறந்தாராம்.

மறுநாள் காலை முகம் தொங்கத் திரும்பி வந்தார். போன கொஞ்ச நேரத்தில் சின்ன மெஷின் அலாரம் அடித்துச் சிவப்பு விளக்கு காட்டியிருக்கிறது. விடிய விடிய ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார். விடிய விடிய அடித்திருக்கிறது.

"மணி அடிச்சா ஆளை ஏத்தக் கூடாதுக்கா."

பெட்டி காலியாகியிருந்தது. சுவர் பிளக்கில் செருகினால் மதியத்துக்குள் நிறைந்துவிடும். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. "செவுத்துல சொருகினா அப்புறம் அது என்ன சோலார்? நெசமான ஆபத்துல செவுரு வந்து நிக்குமா?" என்றார். ஆகவே பென்சில், நிழல், பிளாஸ்டிக் தாள். மேகமான நாட்கள் வேறு. பெட்டி ஒருவழியாக நிறைந்ததும், நிறைந்துவிட்டதே, சோதித்துப் பார்க்க வேண்டாமா என்று மூட்டையை மறுபடி ஏற்றினார். மறுபடி அலாரம். மறுபடி பெட்டி காலி. இப்படி மூன்று முறை.

ஒவ்வொரு முறையும் என்னிடம் அக்காவின் எடையைக் கேட்டார். ஒவ்வொரு முறையும் சாக்கின் கட்டை அவிழ்த்து, குளியலறைக் குவளையால் மணலை அள்ளிப் பூந்தொட்டியில் கொட்டினார். சாக்கு அக்காவின் எடைக்கு வரும்வரை அள்ளுவார்.

அக்காவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "மணல் மூட்டை மூணு தடவை ஏரிக்குப் போயிட்டு வந்துடுச்சு சிஸ்டர்" என்றார் என்னிடம். "எனக்குத்தான் நேரம் வரல."

மூன்றாவது முறை திரும்பி வந்தவர் அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்தார். நான் அக்காவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன்.

"மறுபடியும் அடிச்சுதுக்கா. வயரு மாத்திட்டேன், ஃபில்டர் மாத்திட்டேன், ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

"சும்மாவா அடிக்கும்? ஏதாவது எழுதிக் காட்டுமேடா."

போனில் எடுத்த படத்தைக் காட்டினார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மூச்சு வரவில்லை என்று அந்த மெஷின் தன் பாஷையில் சொல்லியிருந்தது. மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்றை விடுகிற ரகம் அது.

"குழாய எங்கடா மாட்டின?"

"மூட்டை வாயிலதான். கட்டுப் போட்ட எடத்துல."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நான் அவரை முன்னால் சாய்த்து முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பேச்சு வந்ததும் சொன்னார்: "மணலு மூச்சு விடுமாடா? மெஷின் ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு. பக்கத்துல இருக்கிறது பொணம்னு ராத்திரி பூரா உன்கிட்ட கத்தியிருக்கு."

தம்பி படத்தையே பார்த்தபடி இருந்தார். காது சிவந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் மணி அடித்தால் லிஃப்டை நிறுத்தியவர். மணி என்ன சொல்கிறது என்று கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

"சரிக்கா. அடுத்த தடவை குழாய நானே மாட்டிக்கிட்டுப் போயிட்டு வரேன். நான் மூச்சு விடுவேன்ல?"

அக்கா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "குளிரு வந்துடும்டா" என்று மட்டும் சொன்னார். அன்று காலைதான் நான் அவருக்கு இரண்டாவது போர்வையை எடுத்திருந்தேன்.

பெட்டி மறுபடி நிறைந்த நாளில், தம்பி குளிக்கப் போன நேரம் பார்த்து அக்கா செருப்பைக் கேட்டார். ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவியை அவர் விரலில் மாட்டிப் பார்த்தேன். அளவு நன்றாகவே இருந்தது. மாத்திரை, தண்ணீர், இரண்டு தலையணை எல்லாவற்றையும் பையில் போட்டேன். சின்ன மெஷினைத் தோளில் மாட்டி, குழாயை அக்காவின் மூக்கில் வைத்து, அதன் உள் பேட்டரியில் ஓடவிட்டேன். லிஃப்ட்வரை இரண்டு இடத்தில் நின்று நின்று போனோம். கீழே முன் சீட்டில் உட்காரவைத்தேன். பெல்ட்டை அவரே போட்டுக்கொண்டார்.

ஈரத் தலையோடு இறங்கி வந்தவர் பாதி வழியில் நின்றுவிட்டார்.

"இறங்குக்கா. இன்னும் டெஸ்ட் முடியல."

"நாப்பத்தி நாலு கிலோ. மூச்சும் விடுறேன். இதவிட நல்ல மூட்டை உனக்கு எங்கடா கெடைக்கும்? ஏறு."

அவர் என்னைப் பார்த்தார். "சிஸ்டர், நீங்களுமா?"

"ராத்திரி சளி கட்டினா சாய்ச்சு உக்கார வைங்க. படுக்க வைக்காதீங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

கொஞ்ச நேரம் காரைச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். தகட்டை மடித்தார், பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தார், மெஷினின் வயரை அதில் செருகினார். மெஷின் அக்காவின் மூச்சுக்கு ஒன்றாகப் பச்சை விளக்கை மினுக்கியது. அந்த நிறத்தை அதில் அவர் அன்றுதான் பார்த்தார். அலாரம் அடிக்குமென்று காத்திருந்தார். அடிக்கவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது போலும்.

"மெதுவா கிளட்ச்ச விடு" என்றார் அக்கா.

வண்டி கேட்டைத் தாண்டுகிற இடத்தில் நின்றது. என்னவோ ஏதோ என்று நான் வேகமாக நடந்து போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டேதான் இருந்தது. அவரோ அதைப் பார்க்காமல், ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, மறு கையின் விரலை அக்காவின் மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். அக்கா அதைத் தட்டிவிட்டார். வண்டி நகர்ந்தது. விரல் திரும்பவும் அங்கேயே வந்து நின்றது.