கூடை இறங்கும் வரை

மித்வல்லி பொய் சொல்லாதவன் என்று எழுதினால் போர்ட் சயீதே கைகொட்டிச் சிரிக்கும். அவன் பம்பூத்தி. கால்வாய்க்குள் நுழையக் காத்து நிற்கும் கப்பல்களின் விலாவில் படகை ஒட்டி, அண்ணாந்து கூவிப் பண்டமாற்று செய்கிறவன். போன மாதம் தைத்த தோல் ஒட்டகத்தை மூவாயிரம் வருஷப் பழசு என்பான். ஆனால் ஒரே ஒரு சொல்லில் மட்டும் யாரையும் ஏமாற்றியதில்லை. "கொடுத்தாச்சு."

தொழிலின் சட்டம் அது. கயிற்றில் கூடை மேலே போகும். ஒட்டகம் ஏறும், பெயின்ட் டப்பாவோ சோப்புக் கட்டியோ இறங்கும். கூடை படகுப் பலகையைத் தொடும் வரை பேரம் உயிரோடு இருக்கும். தொட்டதும் இரண்டு பக்கமும் "கொடுத்தாச்சு" என்று கத்த வேண்டும். கத்திவிட்டால் முடிந்தது, பிறகு மாற்றிப் பேச வழியில்லை. கூடை அந்தரத்தில் தொங்கும்போதே அதைச் சொன்னவனோடு மற்றப் படகுக்காரர்கள் ஒரு வாரம் பேச மாட்டார்கள். எழுதாத சட்டம். எழுதிய சட்டங்களைவிட ஒழுங்காக நடந்தது.

பதினோரு வயதில் படகேறியவன். போர் வந்து ஊரைக் காலி செய்தபோது ஏழு வருஷம் டெல்டாப் பக்கம் ரயிலில் சீப்பு விற்றான். கால்வாய் மறுபடி திறந்த வாரமே திரும்பி வந்துவிட்டான். கிரேக்க மொழியில் திட்டுவான், ரஷ்ய மொழியில் எண்ணுவான். அவனுடைய இங்கிலீஷ் மொத்தமும் கொடு, காட்டு, வில், கொண்டு வா என்ற வினைகள்தான். யாருக்கு, எதை என்று இரண்டையும் ஒன்றாகச் சுமக்கிற வினைகள். "ஐ கிவ் யூ கேமல், யூ கிவ் மீ சோப்." முப்பது வருஷம் அது போதுமாக இருந்தது.

பிறகு படகு அட்டை கொடுக்கிற ஆபீசில் எவனுக்கோ ஞானம் பிறந்தது. அட்டையைப் புதுப்பிக்க இங்கிலீஷ் வாய்மொழிப் பரீட்சை. தோற்றால் இன்னொரு வாய்ப்பு. அதிலும் தோற்றால் படகு கரையில்.

கெய்ரோவிலிருந்து வந்த உஸ்தாத் வஜீஹ்தான் பரீட்சை வைத்தார். ஒரு படத்தைக் காட்டினார். ஒருவன் ஒருத்திக்குப் பூ நீட்டுகிறான். "இவனா இருந்து இங்கிலீஷ்ல சொல்லுங்க: நான் உனக்குப் பூ கொடுத்திருக்கேன்."

மித்வல்லி படத்தை உற்றுப் பார்த்தான். "பூ இன்னும் அவன் கையிலதானே இருக்கு, உஸ்தாத்?"

"அது படம்யா. சும்மா சொல்லுங்க."

சும்மா சொல்லத்தான் அவனுக்கு வரவில்லை. பூஜ்யம். அடுத்த வாய்ப்பு திங்கட்கிழமை.

அவன் மனைவி ஃபிர்யால் எதிர்க்கரைப் போர்ட் ஃபுவாதுக்குப் போகிற படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவள். நாளைக்கு ஆயிரம் பேரை வாயால் அடக்குகிறவள். காலையில் அவித்த மொச்சைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பாடம் எடுத்தாள்.

"சொல்லு, கரவானோட அப்பா. நீ எனக்கு மொச்சை கொடுத்திருக்கே."

"தட்டை வை மொதல்ல."

"சொன்னாத்தான் வைப்பேன்."

"வச்சாத்தான் சொல்லுவேன்."

மொச்சை ஆறிக்கொண்டே போனது. கடைசியில் அவள் தட்டை டொக்கென்று வைத்தாள். அடுத்த நொடி அவன் வாயிலிருந்து கொட்டியது: "யூ ஹேவ் கிவன் மீ பீன்ஸ்! யூ ஹேவ் ப்ராட் மீ பிரெட்! யூ ஹேவ் நாட் கிவன் மீ ஆனியன்!"

ஃபிர்யால் இடுப்பில் கை வைத்து நின்றாள். "அடப்பாவி மனுசா, உனக்கு இங்கிலீஷ் தெரியாம இல்ல. கண்ணால பாக்காம வாய் தொறக்க மாட்டேங்கிற. திங்கக்கிழமை வெறுங்கையோட போவாத." அவன் கோட்டுக்குள் ஒரு தோல் ஒட்டகத்தைத் திணித்து விட்டாள். இடது காது இல்லாத ஒட்டகம்.

திங்கட்கிழமை. வராந்தாவில் இருபது பம்பூத்திகள் முறைக்குக் காத்திருந்தார்கள். உஸ்தாத் வஜீஹ் மறுபடி அதே பூக்காரனை நீட்டினார்.

"படம் வேணாம் உஸ்தாத். உங்க பேனாவ என் கையில குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்களேன். தின்னுட மாட்டேன்."

கொடுத்தார். "யூ ஹேவ் கிவன் மீ எ பென்!" என்றான் மித்வல்லி. வராந்தா வரை கேட்டது. ஒட்டகத்தை மேசையில் நிறுத்தினான். "ஐ ஹேவ் ஷோன் யூ எ கேமல்!"

வஜீஹ் மதிப்பெண் போடக் குனிந்தார். பேனா அங்கே இல்லை. நிமிர்ந்தவரின் கண் ஒட்டகத்தில் நின்றுவிட்டது. கெய்ரோக்காரராக இருந்தால் என்ன, கடைத்தெருவில் பிறந்தவர்.

"இதுக்கு ஒரு காது இல்லையே," என்றார், இங்கிலீஷில்.

"ஒரு பக்கம் கேக்காது. அதனாலதான் சொன்ன பேச்சு கேக்குது," என்றான் மித்வல்லி. அதுவும் இங்கிலீஷில். எப்படி வந்ததென்று அவனுக்கே தெரியாது.

பேரம் பற்றிக்கொண்டது. வஜீஹ் பேனாவையே விலையாக வைத்தார். போதாது என்றான். கழுத்து டை கழன்றது. அதுவும் போதாது. தாள் தைக்கிற ஸ்டேப்ளர் வந்தது. ஒவ்வொரு சாமான் கை மாறும்போதும் மித்வல்லி முழு வாக்கியமாகக் கத்தினான்: நீங்கள் எனக்கு டை கொடுத்திருக்கிறீர்கள், நீங்கள் எனக்கு ஸ்டேப்ளர் விற்றிருக்கிறீர்கள். ஒரு வினைக்கு இரண்டு சுமை. ஒன்றுகூடச் சிந்தவில்லை. இருபது பேரும் கதவை நெட்டிக்கொண்டு உள்ளே வந்து தாளம் தட்டினார்கள். ஒருவன் நாற்காலியில் ஏறி ஆடினான்.

"கடைசி விலை!" வஜீஹ் வியர்த்து, சட்டைக் கை மடித்து, பத்து வயது குறைந்து நின்றார். கையில் கிடைத்த கனமான மரப்பிடிச் சாமானை எடுத்து மித்வல்லியின் உள்ளங்கையில் அறைந்தார். "கொடுத்தாச்சு!"

"கொடுத்தாச்சு!" என்றான் மித்வல்லி. ஒட்டகம் அந்தப் பக்கம் போனது.

வஜீஹ் ஒட்டகத்தை மடியில் வைத்துத் தடவினார். படகுக்காரனை மரியாதையாக விளிக்கும் சொல் அவர் வாயில் வந்தது. "தேறிட்டீங்க ரய்யிஸ். பிரமாதமாத் தேறிட்டீங்க. அட்டையக் குடுங்க, முத்திரை குத்தி..." மேசையைத் துழாவினார்.

மரப்பிடி போட்ட ஆபீஸ் முத்திரை மித்வல்லியின் கையில் இருந்தது.

வஜீஹ் கையை நீட்டினார். "ரய்யிஸ், அது அரசாங்கத்து சாமான்."

"இருந்துச்சு, உஸ்தாத். இப்ப பேரம் முடிஞ்சிருச்சு. இருபது சாட்சி இருக்கு."

"ஒட்டகத்தத் திருப்பித் தந்துடறேன்."

"உங்களுக்கு ஒட்டகம் புடிச்சிருக்கு. வச்சுக்குங்க." மித்வல்லி தன் அட்டையை மேசையில் வைத்தான், முத்திரையில் ஹா என்று ஊதினான், ஓங்கிக் குத்தினான். இனி மூன்று வருஷம் செல்லும். மை பளபளத்தது. வஜீஹ் கையெழுத்துப் போடத் தன் பேனாவை அவனிடமே இரவல் வாங்கினார்.

மித்வல்லி எழுந்து போயிருக்கலாம். படகு தப்பிவிட்டது. ஆனால் இருபது பேர் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தீர்மானம் போடக் கூட்டம் கூட வேண்டியதில்லை, இருபது முகம் போதும்.

"முத்திரைய விக்கிறேன் உஸ்தாத். வெலைய சொல்லவா?"

"சொல்லித் தொலைங்க."

"படம் காட்டக் கூடாது. எல்லாருக்கும் கையில சாமான் குடுத்துத்தான் பரீட்சை."

வஜீஹ் ஒட்டகத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பூக்காரன் படத்தை இழுப்பறைக்குள் தள்ளிச் சாத்தினார். "சரி. அடுத்த ஆளு!"

ஸன்ஹூரி உட்கார்ந்தான். ஆறடி உயரம், சொற்ப இங்கிலீஷ். சட்டைக்குள் கையை விட்டு ஒரு உயிருள்ள புறாவை எடுத்தான். அது அறையை இரண்டு சுற்றுச் சுற்றி, ஓடாத மின்விசிறி மேல் உட்கார்ந்தது.

"மொதல்ல புடிச்சிக் குடுங்கய்யா!" என்று கத்திக்கொண்டே உஸ்தாத் வஜீஹ் மேசை மேல் ஏறினார்.